சுண்டெலி தாண்டாத இடைவெளி

எலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் பல்லைத்தான் சொல்வார்கள். எனக்கு அதன் கால்தான் ஆச்சரியம். சொரசொரப்பான மரச்சுவரில் சுண்டெலி தரையில் ஓடுவதுபோல ஏறி ஓடும். துணிக்கொடியில் ஓடும். நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தாவும். ஆனால் வழுவழுப்பான கல்லுக்கு அடியில் தலைகீழாக நடக்க அதனால் முடியாது. அதனால்தான் இந்த நார்வேயில் எங்கள் முன்னோர்கள் களஞ்சியத்தை மரக்கால்களின் மேல் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான கல்லை வைத்தார்கள். கல்படிகளும் வாசலை ஒட்டி இருக்காது. மேல்படிக்கும் வாசலுக்கும் நடுவே ஒன்றரை முழம் வெறும் காற்று. மனிதர் ஒரே எட்டில் தாண்டிவிடலாம், எலி தாண்டாது. நீங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான் ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ஓஸ்ஹில்டுக்கு முட்டி போயிற்று. நானே ஒரு பலகையை அறுத்து அந்த இடைவெளியின் மேல் போட்டேன். அன்றிலிருந்து எலிகளுக்கும் கொண்டாட்டம். மாவில் புழுக்கை, உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடையில் பல்தடம். நான் முணுமுணுத்தால் அவள் சிரிப்பாள்.

"அதுங்களுக்கும் முட்டி வலிக்கும் தர்யே. நடந்துட்டுப் போகட்டும் விடு."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு எலி ஏறினதில்ல இதுல."

"உங்க தாத்தாவா உனக்கு ஆக்கிப் போடறாரு? சும்மா கிட கிழவா."

பிறகு அவள் கண்ணில் புரை விழுந்தது. ஆனாலும் களஞ்சியத்துக்கு அவள்தான் போவாள். வழி தன் காலுக்குத் தெரியும் என்பாள்.

செப்டம்பரில் எங்கள் மகள் யூருன் ஸ்டவாங்கர் நகரத்திலிருந்து போன் செய்து, அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். காலைச் சாப்பாட்டின்போது ஓஸ்ஹில்ட் என்னிடம் சொன்னாள்.

"நான் அவகிட்டப் போறேன். கண்ணையும் பார்த்துக்கலாம். நீயும் வாயேன்."

"ஆட்டையெல்லாம் யார் பார்ப்பா?"

"வித்துடுன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். நீ கேக்க மாட்டே. வாயைத் திறக்காத மனுஷனோட இன்னொரு குளிர்காலம் என்னால முடியாதுப்பா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் தைத்தது. ஐம்பத்தொரு வருஷம் கூட இருந்தவள். அவள் இல்லாத வீட்டில் எப்படி மூச்சு விடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பலகையை எடுத்துவிட்டேன். குளிர் வருமுன் எலிகள் உள்ளே புகப் பார்க்கும், எடுப்பது நியாயம்தான். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. ஒரு கால் உடைந்தால் போதும் என்று நினைத்தேன். காலுடைந்தவள் எங்கே போவாள், நான் பார்த்துக்கொள்வேன். அந்த வாரமே அவள் உயரத்துக்கு ஓர் ஊன்றுகோல் செதுக்கி வைத்திருந்தேன். அது பட்டறையில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குக் களஞ்சியத்திலிருந்து ரொட்டி எடுத்துவரப் போனாள். நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது. பிறகு "தர்யே" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். உடனே ஓடினால் காத்துக்கொண்டிருந்தவன் போலத் தெரியும் என்று தோன்றியது. காபியை முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். அப்புறம்தான் போனேன்.

தலை கீழ்ப்படியில் பட்டிருந்தது. மூச்சு இல்லை, கை மட்டும் சூடாக இருந்தது. மடியில் போட்டுக்கொண்டு கதறினேன். அது நடிப்பில்லை ஐயா. ஈரக்குலை அறுந்துபோயிற்று. இன்னும் வலிக்கிறது.

அம்மாவை ஸ்டவாங்கருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறேன் என்று யூருன் அழுதாள். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் தேவாலயத்து மேட்டில்தான் படுத்திருக்கிறாள், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். யார் என்ன சொன்னாலும் சரி, கடைசியில் அவள் என்னை விட்டுப் போகவில்லை.