ஆயுத பூஜையன்னிக்குச் சொல்லாத வார்த்தை

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஐயாமாரே, அம்மாமாரே... எனக்கு மேடையில பேசத் தெரியாது. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. ஆனா ஒரு சின்னக் கதை கைவசம் இருக்கு. என் கதைதான். கேட்டுட்டுச் சாப்பிடப் போங்க.

கெடிலம் ஆத்தோரம் எங்களுக்கு ஒரு தையல் கடை. எங்க வீட்டுக்காரர் தனகோட்டி, கடன் வாங்கி மோட்டார் மெஷினா வாங்கிப் போட்டிருந்தாரு. ஆயுத பூஜையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். அப்போ வந்தாரு ஏஜெண்ட் ஜோதிலிங்கம் சார். இதோ, முன்வரிசையில உக்காந்திருக்காரே, அவர்தான். தலையைக் குனியாதீங்க சார், உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

"தனகோட்டி, தீக்கும் திருட்டுக்கும் இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்க. மழைக்காலம் வருது, வெள்ளத்துக்கும் சேர்த்து..."ன்னாரு.

எங்க வீட்டுக்காரர் கையைத் தூக்கிட்டாரு. "சார்! சந்தனம் இன்னும் காயல... அதுக்குள்ள வெள்ளமா? நல்ல நாள் அதுவுமா வேற வார்த்தை வரலியா? பொரி சாப்பிடுங்க சார்!"

சார் என்ன பண்ணினாரு? பொரி சாப்பிட்டாரு. மரியாதையான மனுசன்... அதோட வாயைத் திறக்கல.

மழை வந்துச்சு. ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துச்சு. நாங்க பள்ளிக்கூட மாடிக்கு ஏறிட்டோம். ஏறினவரு திரும்பி இறங்கினாரு. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். "விடு புள்ள... மெஷின் போனா நாம போனோம். பரண்ல ஏத்திட்டு ஓடி வந்துடறேன்"ன்னாரு.

வரல.

தண்ணி கொண்டுபோச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கேக்கறேன்... மெஷின் போனா திரும்ப வாங்கிக்கலாம்கிற தைரியம் இருந்திருந்தா, அந்த மனுசன் இறங்கியிருப்பாரா? சொல்லுங்க... இறங்கியிருப்பாரா?

மறு வருஷம் ஆயுத பூஜை. சார் வீட்டு வாசல்ல போய் நின்னேன். "கிளம்புங்க சார்"ன்னேன்.

"இன்னிக்காம்மா?"ன்னாரு.

"இன்னிக்குத்தான். எல்லாக் கடைக்காரரும் கடையில இருக்கற நாள் இதுதானே?"

நேரா மாவு மில்லு கலியமூர்த்தி அண்ணன்கிட்ட போனோம். மெஷினுக்கு மாலை போட்டுட்டு இருந்தவரு, பொட்டில்லாத என் நெத்தியைப் பார்த்தாரு... முகம் சுருங்கிடுச்சு. "ஏம்மா, நாள் கிழமை பார்க்க வேணாமா? அதுவும் நீ போய்..."

"பார்த்துட்டுத்தாண்ணே வந்தேன். வெள்ளம்! வெள்ளம்! வெள்ளம்! சொல்லிட்டேன். கூரை இடிஞ்சுச்சா? எங்க கடையில சொல்ல விடலண்ணே... சொல்லலைன்னு அது வராம இருந்துச்சா?"

உள்ள இருந்து அவரு சம்சாரம் குணவதி பொரித் தட்டோட வந்துச்சு. "எழுதுங்க சார்! தண்ணி வந்தா இந்த மனுசன் என்னைத் தூக்க மாட்டாரு, மோட்டாரைத்தான் தூக்குவாரு!"

"ஏண்டி, நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கற?"

"உசுரோட இருந்து அப்புறமா மானத்தைத் தேடிக்குங்க. முதல்ல கையெழுத்துப் போடுங்க!"

போட்டாரு. சந்தனக் கையோட போட்டாரு.

அந்த மழையிலயும் ஆறு ஊருக்குள்ள வந்துச்சு. மில்லு முழுகுச்சு. கலியமூர்த்தி அண்ணன் என்ன பண்ணினாரு? அதே பள்ளிக்கூட மாடியில உக்காந்து பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு இருந்தாரு... உசுரோட.

இதான் கதை. ஆயுத பூஜை நெருங்குது. புயல் கிளம்பிடுச்சுன்னு நியூஸ்ல சொன்னப்புறம் போனா உங்க கம்பெனியே புதுசா எழுதாதாமே? அதனால இப்பவே கடை கடையா ஏறுங்க. பொரி குடுத்தா வாங்கிக்குங்க, வேணாங்கல. ஆனா மென்னுக்கிட்டே பேசுங்க. நல்ல நாள்ல இது என்ன பேச்சுன்னு விரட்டினா, அசையாம நில்லுங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா... என்னைக் கூட்டிட்டுப் போங்க. என்னைப் பார்த்துத்தானே அபசகுனம்னு முகத்தைத் திருப்பறாங்க? திருப்பட்டும்! எங்க தெருவில இன்னொருத்தி பொட்டை அழிக்கறதைவிட, நான் அபசகுனமா வாசல்ல நிக்கறது எவ்வளவோ மேல்.

வெள்ளம்கிற வார்த்தையை நான் சொல்றேன். பேனாவை நீங்க எடுங்க. சாப்பாடு ஆனதும் கிளம்பலாம்... யாரு வர்றீங்க?