ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தில் ஒன்பதாவது வீடு

கிளெம்: …சத்தியமாச் சொல்றேன்ம்மா. இனிமே என் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வேணும்னா இந்த உத்தரத்தைத் தொட்டே சொல்றேன்.

ரோவீனா: தொட்டா போதும், மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். எதுக்குத் தட்டுறீங்க? என்ன இது… டொக்கு டொக்குன்னு?

கிளெம்: உள்ள காலி. நாலு பலகையைப் பெட்டி மாதிரி சேர்த்து மேல மாட்டியிருக்கு. இந்தப் பசடீனா ஊர்ல பாதி பங்களாவுக்கு உத்தரம் இந்த லட்சணம்தான்.

ரோவீனா: அப்போ உங்க சத்தியம்…

கிளெம்: அதுவும் பார்வைக்கு நல்லா இருக்கும். கிளெம்னே கூப்பிடு.

ரோவீனா: சரி, கிளெம். ஞாயித்துக்கிழமை எங்க பழைய வீட்டுச் சங்கம் நடத்துற பங்களா சுற்றுலா. இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டைச் சேர்த்துக்கச் சொல்லிக் கேக்குறீங்களாமே?

கிளெம்: எல்லா வருஷமும். அன்னிக்கு வாசல் வராந்தாவுல லெமனேடு ஜாடியோட உக்கார்ந்திருப்பேன். எண்ணூறு பேர் போவாங்க. பக்கத்து வீட்டைப் பார்த்து ‘ஆகா’ம்பாங்க. எங்கிட்ட வந்து ‘பாத்ரூம் எங்க?’ம்பாங்க.

ரோவீனா: அடப் பாவமே.

கிளெம்: ஒரே ஒரு அம்மா மட்டும் நின்னு போட்டோ எடுத்துச்சு.

ரோவீனா: வீட்டையா?

கிளெம்: என்னை. பழசுலயே இவர்தான் அசல்னு புருஷன்கிட்ட சொல்லிட்டுப் போச்சு.

ரோவீனா: ஏன் உங்களை ஒவ்வொரு தடவையும் ஒதுக்கினாங்க?

கிளெம்: ஃபைல்ல இல்லையா?

ரோவீனா: ஆபீஸ்ல குழாய் வெடிச்சு எல்லாம் கூழாப் போச்சு. நானும் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது.

கிளெம்: அப்படியா… மூணே மாசமா? உக்காரும்மா, உக்காரு. பொறாமை. வேற என்ன?

ரோவீனா: வீட்டுக் கதையைச் சொல்லுங்க.

கிளெம்: தாத்தா கேட்டலாக் பார்த்து ஆர்டர் கொடுத்தார். மொத்த வீடும் ரயில்ல வந்துச்சு. பன்னிரண்டாயிரம் துண்டு, ஒவ்வொண்ணுலயும் நம்பர். அதே ரயில்ல பக்கத்து வீட்டு பார்ட்லெட்டுக்கும் ஒரு வீடு.

ரோவீனா: கலந்துபோச்சா?

கிளெம்: ஒரே ஒரு ஜன்னல். எங்களுக்கு ஒண்ணு ஜாஸ்தி, அவருக்கு ஒண்ணு கம்மி. தாத்தா திருப்பித் தரமாட்டேன்னுட்டார். நாப்பது வருஷம் பார்ட்லெட் தினம் காலையில காபிக் கோப்பையோட இங்க வந்து, தன் ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போவார்.

ரோவீனா: பிரமாதம். எழுதிக்கிறேன்.

கிளெம்: …நம்புறியா?

ரோவீனா: ஏன், நம்பக் கூடாதா? வாசல்ல அந்தக் குண்டுத் தூண் எதைத் தாங்குது?

கிளெம்: ஒண்ணையும் தாங்கலை. என்னை மாதிரிதான்… மேல சின்னது, கீழ பெருசு, சும்மா நிக்குது.

ரோவீனா: இந்தச் சுவர் அலமாரி?

கிளெம்: அதைக் கேக்காதே. பெயின்ட்டைச் சுரண்டினா உள்ள ஓக் மரம் மின்னும்னு ஊர்ல எல்லாரும் அவங்கவங்க அலமாரியைச் சுரண்டினாங்க. நானும் சுரண்டினேன். ஒன்பது வருஷம். மூலை முடுக்குக்கெல்லாம் என் பொண்டாட்டி டூத் பிரஷ்.

ரோவீனா: அவங்களுக்குத் தெரியுமா?

கிளெம்: பல்லு பச்சையானப்போ தெரிஞ்சுது. ஏழு கோட்டு உரிச்சேன். கடைசியில பென்சில்ல தச்சன் எழுதியிருக்கான்: ‘மட்டமான பைன். யாருக்கும் காட்டாதே.’

ரோவீனா: அய்யய்யோ! அப்புறம்?

கிளெம்: மறுபடியும் ஏழு கோட்டு அடிச்சேன்.

ரோவீனா: அருமை! சேர்த்துக்கலாம். ஒன்பதாவது வீடு.

கிளெம்: …நிஜமாவா? வரைபடத்துல பார்ட்லெட் வீட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ரோவீனா: முன்னாடி. இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். 1930-க்கு முன்னாடி கட்டின அசல் கிராஃப்ட்ஸ்மேன் பாணி மர வீடுன்னு.

கிளெம்: கையெழுத்தா…

ரோவீனா: பேனா இந்தாங்க.

கிளெம்: வாயால சொன்னா போதாதா? வாயால எத்தனை வேணும்னாலும் சொல்றேன்.

ரோவீனா: கிளெம்… உண்மையைச் சொல்லிடறேன். ஒன்பதாவதா இருந்த வீட்டுல கரையான். நேத்து மருந்தடிக்க மொத்த வீட்டையும் கூடாரம் போட்டு மூடிட்டாங்க. வரைபடத்துல அதுக்குப் பதிலா உங்க வீட்டை அச்சடிச்சாச்சு. நான் பார்க்க வரலை, கெஞ்ச வந்தேன். ஏதாவது ஒரு வருஷம் போடுங்க. 1912?

கிளெம்: அதான் பன்னிரண்டாயிரம் துண்டையும் முழுங்கினியா!

ரோவீனா: ஒண்ணைக்கூட மெல்லலை.

கிளெம்: இருபத்திரண்டு வருஷம்மா… வராந்தா முழுக்க ஜனம். எல்லாரும் ‘ஆகா’ம்பாங்க…

ரோவீனா: சொல்வாங்க. கையெழுத்துப் போடுங்க.

கிளெம்: பேனாவை எடுத்துக்கோ. வாயால சொன்னா கதை. கையெழுத்துப் போட்டா பொய்.

ரோவீனா: அப்போ எந்த வருஷம்தான் கட்டினாங்க?

கிளெம்: 1986. நான்தான் கட்டினேன்.