இரும்புச் சாவியால் நான் எழவில்லை

குடும்ப நல நீதிமன்றம், சென்னை. ஆண்டு 1998. திருமணத்தைச் செல்லாதென அறிவிக்கக் கணவர் தாக்கல் செய்த மனுவில், எதிர்மனுதாரரான மனைவி உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொன்னது:

என் பெயர் செங்கொடி. வயது இருபத்து மூன்று. புளியந்தோப்பு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வசிக்கும், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் கலாசி பீம்ராவின் மூத்த மகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ரெடிமேட் கம்பெனியில் சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுக்கும் வேலை பார்த்தேன். மனுதாரர் பாரி என் கணவர், எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். போன வருடம் வைகாசிப் பௌர்ணமியன்று பெரியவர்கள் முன்னிலையில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அன்றிலிருந்து காலடிப்பேட்டையில் மனுதாரர் வீட்டில், அவருடைய தாயார் கன்னியம்மாளுடன் இருந்தேன். இப்போது தகப்பனார் வீட்டில் இருக்கிறேன். எனக்கு வலிப்பு நோய் இருந்ததாகவும், அதை மறைத்து என் தகப்பனார் கல்யாணம் செய்து ஏமாற்றியதாகவும் மனுவில் எழுதியிருப்பது பொய். கூண்டில் நாற்காலி போடச் சொன்னார்கள், நின்றுகொண்டே சொல்கிறேன் என்றேன்.

திருமணத்துக்கு முன் நான் ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கும். மூன்று மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்களுக்கெல்லாம் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

திருமணமாகிச் சில மாதம் கழித்து, தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த ஒரு காலை, குடத்தை இடுப்பில் ஏற்றும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ நின்றுபோனது. குழாயில் தண்ணீர் நின்று வெறும் காற்று வருமே, அப்படி இருந்தது. அதன் பிறகு எனக்கு நினைவில்லை. நான் விழுந்ததும் கையும் காலும் உதறினதாகவும், "காக்கா வலிப்புமே, இரும்பு குடு, இரும்பு குடு" என்று எல்லாரும் கூவினதாகவும், மாமியார் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்து விரலை மூடிப் பிடித்ததாகவும் பிறகு சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, "இன்னாத்துக்கு அத்த சாவி? வூட்டப் பூட்டலயா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சாவி பட்டதும் எழுந்துவிட்டாள், அதனால் இது வலிப்புதான் என்று அந்த இடத்திலேயே தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அதன் பிறகு மாமியார் என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மாமியாரிடம்தான் கேட்டார். "கை கால் வெட்டி வெட்டி இஸ்துச்சு சார், சாவி குட்தேன், எய்ந்துகினா" என்று மாமியார் சொன்னதும் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாத்திரையை நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட, முன்னைவிட அதிகமாக விழுந்தேன்.

அதன் பிறகு மாமியார் ஒரு பெரிய இரும்புச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். கடைக்குப் போனால், "இன்னாமே, எந்தக் கம்பெனி கேட்டோட சாவி?" என்று கிண்டல் செய்வார்கள். அடுப்புப் பக்கம் என்னை விடவில்லை. விசேஷ வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. மனுதாரரிடம், விழுவதற்கு முன் நெஞ்சு நின்று, எழும்போது திம்மென்று அடித்து முகம் கொதிக்கிறது என்று பல தடவை சொன்னேன். "அம்மா பாத்துக்கும், நீ பேஜாரு பண்ணாத" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விழுந்தேன். அங்கே ஓர் ஆளும் இல்லை. கண்ணைத் திறந்தபோது கையில் மனுதாரரின் ஈரச் சட்டை இருந்தது, சாவி முதுகுப் பக்கம் போய்க் கிடந்தது. யாரும் கொடுக்காமல், எதையும் பிடிக்காமல் நானே எழுந்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு விளங்கியது. கீழே வந்து மாமியாரிடம் சொன்னேன். "கயுத்துல கீதுல்ல, அதான் எய்ந்துகினே" என்றார். கழுத்தில் இருந்தால் ஏன் விழுந்தேன் என்று கேட்டேன். "எதுத்துப் பேசறியா" என்றார். சாவியைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, பஸ் ஏறிப் புளியந்தோப்புக்கு வந்துவிட்டேன். என் தகப்பனாரிடம், "நைனா, பெரியாஸ்பத்திரிக்கு வா. வலிப்புன்னாலும் ஒத்துக்கறேன். ஆனா என் கையைப் புட்சிப் பாத்துட்டு சொல்லட்டும்" என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹில்டா என் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்தவர் விடவே இல்லை. விழுந்து எழுந்த பின் தூக்கம் வருமா, குழம்பிப் பேசுவாயா என்று கேட்டார். இல்லை, உடனே தெளிந்துவிடும் என்றேன். விழும்போது முகம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, சுண்ணாம்பாக வெளுத்துப்போய், எழும்போது சிவந்துவிடும் என்று தெருவில் சொல்லக் கேட்டிருந்ததைச் சொன்னேன். ஈ.சி.ஜி. எடுத்த பின் மேசையில் விரலால் தட்டி எனக்குப் புரியவைத்தார். எப்போதாவது ஒரு துடிப்பு தப்பினதுபோல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சிலருக்குத் திடீரென்று தலைதெறிக்க ஓடி, தானாக நிற்கும். வயதானவர்கள் பலருக்குத் தாளமே இல்லாமல் தாறுமாறாக அடிக்கும், அதை விட்டுவைக்கக் கூடாது. உன்னுடையது இப்படி என்று, மெதுவாகத் தட்டி, விட்டு, வெகு நேரம் விட்டு, மறுபடி தட்டினார். (சாட்சி கூண்டின் கட்டையில் தட்டிக் காட்டினார்.)

இதயத்தின் மேல் அறை போடுகிற உத்தரவு எனக்குக் கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை என்றார். கீழ் அறை தன் பாட்டுக்கு மெதுவாகத் துடிக்கிறது, சில சமயம் அதுவும் நின்றுவிடுகிறது, அப்போது மூளைக்கு ரத்தம் போகாமல்தான் கை கால் உதறுகிறது, துடிப்பு திரும்பினால் தானாகவே எழுவாய் என்றார். பிறவியிலேயே இருந்திருக்கலாம், உனக்கே தெரிந்திருக்காது என்றும் சொன்னார். வலிப்பு மாத்திரையைக் காட்டினேன். "இதை இனிமே தொடாதே. இந்த வகை மாத்திரை உன் துடிப்பை இன்னும் மெதுவாக்கும்" என்றார். அன்றே வார்டில் சேர்த்து மார்பில் கம்பி ஒட்டினார்கள். அங்கேயும் ஒரு தடவை நினைவு தப்பியது. அந்த நேரத்து ஈ.சி.ஜி. காகிதத்தைத் தாக்கல் செய்திருக்கிறேன், கீழ் அறைத் துடிப்பே இல்லாமல் கோடு ஓடுவதைப் பார்க்கலாம்.

அதன் பிறகு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று கணவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். மனுதாரர் வந்தார். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டார். "வக்கீலக் கேட்டுட்டு வரேன்" என்றார். கட்டிலில் கிடப்பவளுக்குக் கையெழுத்துப் போட வக்கீல் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இதயம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அவர் போட இருந்த வலிப்பு வழக்கு நிற்காது என்று பிறகு தெரிந்தது. அவர் திரும்பி வரவில்லை. "எனக்கு மேஜர் வயசாய்டுச்சு, குடுங்க" என்று படிவத்தை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். தையல் பிரிப்பதற்கு முன், இந்த மனுவின் சம்மன் வார்டுக்கே வந்தது. இடது காறை எலும்புக்குக் கீழே அந்தப் பெட்டி இருக்கிறது. அதை வைத்த நாளிலிருந்து நான் விழவில்லை.

குறுக்கு விசாரணை (மனுதாரரின் வக்கீல் கேட்டதற்குச் சொன்னது):

சாவி கொடுத்ததும் நான் எழுந்ததைத் தெருவே பார்த்தது என்றால் சரிதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். கோழி கூவியா பொழுது விடிகிறது?

அப்படியானால் இதய நோயை மறைத்தேன் என்றால் சரியல்ல. எனக்கே தெரியாததை நான் எங்கே மறைப்பது.

என்னைப் பற்றி மனுதாரருக்கு அக்கறை இல்லை என்பது பொய் என்றால், அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தாரா என்று அவரைக் கேளுங்கள்.

இப்போது உடம்பு சரியாகிவிட்டதால், மனுதாரரோடு சேர்ந்து வாழத்தான் இந்த மனுவை எதிர்க்கிறேனா என்று கேட்டார்கள். அப்போதுதான் மனுதாரர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சரியல்ல. இந்தக் கல்யாணம் செல்லும், என் நைனா யாரையும் ஏமாற்றவில்லை என்று இந்த நீதிமன்றம் எழுதித் தர வேண்டும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, மனுதாரரிடமிருந்து விலக இதே நீதிமன்றத்தில் நான் மனு போடுவேன். காரணம் என்ன என்பதை அதில் நான் எழுதுவேன்.

மேலே எழுதியதை நிதானமாகப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உண்மையென ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செங்கொடி