வெள்ளைத் தட்டில் ஒரு சாட்சி

— சரி, கேட்கிறேன்னு கோவிச்சுக்காத. சாப்பிட்ட தட்டைக் குழாயடியில பிடிச்சு, முன்னாடி ஒரு தேய், பின்னாடி ஒரு தேய், வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு அப்புறம்தான் பாத்திரம் கழுவுற மெஷினுக்குள்ள வைக்கிற. கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கிறேன். கழுவினதையே கழுவுறதுக்கு அந்த மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?

— அது பண்ண பாவத்தை அப்புறம் பேசலாங்க. இப்ப தண்ணியை வெளிய விடாம நிக்குதே, அதைப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?

— பிடுங்கியாச்சு. கீழ் ரேக்கையும் எடுத்தாச்சு. அடியில பாரு, ஒரு குளமே கட்டி நிக்குது. கிண்ணத்தைக் குடு, மொண்டு ஊத்தணும்.

— இந்தாங்க. வாளி இங்க இருக்கு. மெதுவா! என் கால் மேல ஊத்தாதீங்க.

— வாளியைக் கொட்டுறதுக்கு வாசக் கதவைத் திறந்தே வச்சிருக்கேன். அது என்ன, மேடை மேல ஒரு வெள்ளைத் தட்டு? அதையும் அலசிட்டியா?

— அது காட்சிக்கு. உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கிறதை எடுத்து அதுல வைங்க. சாயந்தரம் உங்க தங்கச்சி மிச்ச சாமானை எடுக்க வர்றா இல்ல? அவ முன்னாடி கொண்டு போய் வைக்கப் போறேன்.

— முந்தி எல்லாம் நீயும் அவளை வாலுன்னுதான் கூப்பிடுவ. இப்ப 'உங்க தங்கச்சி' ஆயிட்டா. வேண்டாம்மா. அவ வர்றதுக்குள்ள இந்தச் சண்டையோட வேரைப் பிடுங்கிடணும்னுதான் நான் இங்க மண்டி போட்டிருக்கேன். நீ என்னடான்னா அதைத் தட்டுல வச்சுப் பரிமாறப் போறேங்கிற.

— நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல. இங்க இருந்த வரைக்கும் ஒரு நாளாவது தட்டை அலசி வச்சிருப்பாளா? பருக்கையோட வைப்பா. கேட்டா, 'அதுக்குத்தானே அண்ணி மெஷின்'னு சிரிப்பா. அன்னைக்குத் தண்ணி தேங்கி நாறினதும் கேட்டேன். கேட்டது தப்பா?

— கேட்டது தப்பில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடி, 'இருக்கிற வீட்டை நாறடிக்கிறதுக்குன்னே வந்து சேர்ந்திருக்க'ன்னு சொன்ன பாரு, அதுதான் தப்பு. அவ திரும்ப ஒரு வார்த்தை பேசல. மறுநாளே ஆபீஸ் பக்கத்துல ரூம் பார்த்துட்டா.

— கோவத்துல வந்துடுச்சு. ஆனா காரணம் இல்லாம வரலையே.

— ஒரு கதை சொல்றேன். ஒரு குளத்துல ஒரு கொக்கு இருந்துச்சு. ரொம்பச் சுத்தம். மீனைக்கூட அலசித்தான் சாப்பிடும்.

— ஆரம்பிச்சுட்டீங்களா! உங்க கதையில எப்பவும் நான்தான் கொக்கு.

— போன தடவை நீ முயல்மா. கேளு. அதே குளத்துல ஒரு நண்டு. சேத்துலயே புரண்டுக்கிட்டு இருக்கும். ஒரு நாள் தண்ணி கலங்கிப் போச்சு. 'எல்லாம் உன்னாலதான்'னு கொக்கு நண்டைத் துரத்தி விட்டுடுச்சு. நண்டும் போயிடுச்சு. போன பிறகு தண்ணி...

— தெளிஞ்சுதா?

— இன்னும் நாறிப் போச்சு.

— ஏன்?

— அதுதான் எனக்கும் தெரியல. நம்ம மெஷினும் அப்படித்தானே பண்ணுது? அவ இருந்தப்ப ஒரே ஒரு தடவை தேங்குச்சு. இப்ப வீட்டுல நீயும் நானும்தான். நீ பளபளன்னு அலசி வைக்கிற. நியாயமாப் பார்த்தா மெஷின் உனக்குக் கும்பிடு போடணும். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போக மாட்டேங்குது.

— அவ போட்ட பருக்கைதான் உள்ள எங்கயாவது ஊறிக் கிடக்கும். எடுங்க, தெரிஞ்சிடும்.

— பார்க்கலாம். நடுவுல வட்டமா இருக்கு பாரு, இதுதான் சல்லடை. இதைக் கழட்டணும்.

— அது கழலுமா? நான் அதுதான் மெஷினோட அடின்னு நினைச்சேன்!

— இத்தனை வருஷத்துல நீ இதைக் கழட்டினதே இல்லையா?

— அழுக்கே உள்ள போகாத மெஷினுக்கு எதுக்குக் கழட்டணும்? ஏன், நீங்க கழட்டியிருக்கீங்களா?

— நானா? இதோட கதவு எந்தப் பக்கம் திறக்கும்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இரு, ரொம்பப் பழசு, இறுகிப் போயிருக்கும், இடுக்கி வேண்டியிருக்கும்... அட! ஒரே திருகு. வெண்ணெய் மாதிரி வந்துடுச்சு!

— அதிசயம்தான். என்ன இருக்கு? தட்டுல வைங்க.

— ஏதோ சாம்பல் நிறத்துல, கூழ் மாதிரி, கனமா அப்பியிருக்கு. பருக்கை மாதிரி தெரியல.

— பருக்கை ஊறினா கூழாத்தான் ஆகும்.

— பருக்கையில எழுத்து இருக்குமா?

— என்ன எழுத்து?

— நீயே படி. டீச்சர்தானே.

— 'குளிர்ந்த... இடத்தில் வைக்கவும்.'

— இந்தா, இன்னொரு துண்டு. சிவப்பா ஒரு பழத்தோட படம், பாதி. இது ஜாம் பாட்டில்ல ஒட்டியிருக்கிற காகிதம்மா. பசையோட வந்து ஒட்டிக்கிச்சு. இரு, அடியில தண்ணி இறைக்கிற மோட்டார் இருக்கு, அந்தக் குழியையும் பார்த்துடறேன்... இங்கயும் அதேதான். திரி மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. நம்ம வீட்டுல பாட்டிலை மெஷின்ல போடறது யாரு?

— தெரிஞ்சுக்கிட்டே கேட்காதீங்க. நான்தான். பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாட்டில், கொஞ்சம் ஈரப் பஞ்சு, ஒரு விதை. வேர் விடறதை அதுங்க கண்ணாடி வழியாப் பார்க்கணும். கையால தேய்ச்சா காகிதம் போக மாட்டேங்குது, மெஷின்ல போட்டா தானா உரிஞ்சுடுது. உரிஞ்சது எங்க போகுதுன்னு நான் யோசிக்கவே இல்லையேங்க.

— தட்டை எல்லாம் குளிப்பாட்டி அனுப்பிட்டு, பாட்டிலை மட்டும் சட்டையோட அனுப்பியிருக்க.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. விடு, யாருக்கும் வர்றதுதான். அந்தத் தட்டைக் குடு, குப்பையில தட்டிடறேன். சல்லடையைக் கழுவி மாட்டிட்டா மெஷின் ஓடும். அவ வரும்போது எதுவும் நடக்காத மாதிரி இருந்துடலாம்.

— தட்டைத் தொடாதீங்க.

— ஏம்மா?

— காட்டறதுக்குன்னுதானே எடுத்து வச்சேன்? அவளோடதா இருந்தா காட்டுவேன், என்னோடதா இருந்தா கொட்டிடுவேனா? அது அங்கேயே இருக்கட்டும்.

— சரி, உன் இஷ்டம். சல்லடைக் கண்ணெல்லாம் அடைச்சிருக்கு, தேய்க்க ஒரு பழைய பிரஷ் வேணும். ஸிங்க்குக்கு அடியில ஏதாவது இருக்கா பாரு.

— சோப்பு இருக்கு, துணி இருக்கு... குழாய்க்குப் பின்னாடி ஒரு டம்ளர். யாரோ ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு. உள்ள ஒரு டூத் பிரஷ்.

— அது போதும், குடு.

— இருங்க. பச்சை பிரஷ். இது அவளோட பழைய பிரஷ். இதோட இழையைப் பாருங்க.

— காஞ்சு போன காகிதக் கூழ்.

— சல்லடை ஏன் வெண்ணெய் மாதிரி கழண்டுச்சுன்னு இப்பத் தெரியுதா?

— அப்போ, அவதான் இத்தனை நாளா...

— சாப்பாடு முடிஞ்சு நான் டிவி முன்னாடி உக்காந்ததும் இங்க ஏதோ உருட்டுவா. என்ன சத்தம்னு கேட்டா, 'தண்ணி குடிக்கிறேன் அண்ணி'ம்பா. எவ்வளவு தண்ணிதான் குடிப்பாளோன்னு நானும் விட்டுட்டேன்.

— அப்படின்னா அன்னைக்கு மட்டும் ஏன் தேங்குச்சு?

— அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்ல கிடந்தாளே! எழுந்து வர முடியல. அதான் தேங்கியிருக்கு. மறுநாள் தானாச் சரியாச்சுன்னு நினைச்சோமே, அதுவும் அவ எடுத்து விட்டதுதான். காய்ச்சல் விட்டு, போர்வையைப் போத்திக்கிட்டு மெல்ல ஹாலுக்கு வந்து உக்காந்தவளைப் பார்த்தா நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்? என்னங்க, உங்க கதையில தண்ணி ஏன் இன்னும் நாறிச்சுன்னு கேட்டேனே...

— ஆமா.

— கொக்கு உதிர்த்த இறகெல்லாம் போய் வாய்க்கால் வாயை அடைச்சுக்கும். அதைத் தினமும் எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தது அந்த நண்டுதான்.

— கதையைச் சொன்ன எனக்கே இது தெரியாதேம்மா.

— அண்ணா! கதவை இப்படி ஆன்னு திறந்து போட்டுட்டு எங்க... ஐயோ. அண்ணி, நீங்களும் இருக்கீங்களா?

— வா வாலு, வா. சாயந்தரம்னு சொன்னியே?

— அது வந்துண்ணா... சனிக்கிழமை இந்நேரம் அண்ணி பள்ளிக்கூடத்துக்குப் பாட்டில் குடுக்கப் போயிடுவாங்களேன்னு... சும்மாதான்.

— மெஷின் ஓடாம பாட்டில் எங்கேருந்து வரும்? என் முகத்துல முழிக்க வேண்டாம்னு நேரம் பார்த்து வந்திருக்க. எனக்கு நல்லா வேணும். இங்க வா. இந்தத் தட்டைப் பாரு.

— அண்ணி, அது...

— நீ பேசாத, நான் பேசி முடிச்சுடறேன். இல்லைன்னா எனக்கு வாய் வராது. 'இந்தா உன் பருக்கை'ன்னு உன் முன்னாடி வைக்கணும்னுதான் இந்தத் தட்டை எடுத்தேன். இது உன் பருக்கை இல்ல. என் பாட்டில் காகிதம். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனா யாரு முன்னாடி சொன்னேனோ அவங்களைக் கூப்பிட்டு, இதே தட்டை வச்சு, தப்பு என்னோடதுன்னு சொல்லப் போறேன்.

— ஐயோ அண்ணி! அவங்களுக்கு எதுக்கு இந்தக் கூழை எல்லாம்...

— சொல்லத்தான் போறேன். நீ ஏன் சொல்லல? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமே?

— சொன்னா நீங்க மெஷின்ல பாட்டில் போடறதை விட்டுடுவீங்க. கையால தேய்ச்சுத் தேய்ச்சு விரலெல்லாம் வெடிச்சுப் போய் நீங்க மருந்து தடவிக்கிட்டு இருந்ததை நான் பார்த்திருக்கேனே. கொஞ்ச நேர வேலை, போகட்டும்னு நினைச்சேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும்.

— உனக்கு ஆச்சே.

— ஆச்சுதான். எனக்குக் கோவமே வரலைன்னு நினைச்சுக்காதீங்க. ரூமுக்குப் போய் உங்களை வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் அழுதேன்.

— திட்டு. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டு.

— போதும், போதும். மெஷின்ல தேங்கின தண்ணியே எனக்குத் தாங்கல, நீங்க ரெண்டு பேரும் கண்ணுல வேற தேக்காதீங்க. வாலு, இந்தச் சல்லடை எப்படி மாட்டறது?

— அப்படி இல்லண்ணா, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. உள்ள வச்சு வலது பக்கம் திருப்புங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரும். வந்துச்சா? பிளக்கைச் சொருகுங்க. ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு, நிறுத்துற பட்டனை அழுத்திப் பிடிங்க. தண்ணியை மட்டும் வெளிய தள்ளும்.

— கேக்குதாம்மா? கலகலன்னு போகுது!

— கேக்குதுங்க.

— அப்பாடா. சரி வாலு, உன் மிச்ச சாமான் என்ன? காலையில உன் அறையைப் பார்த்தேன், அலமாரி காலியா இருக்கு. கட்டிலுக்கு அடியிலயும் ஒண்ணும் இல்ல.

— சாமான் எல்லாம் அன்னைக்கே எடுத்துட்டேண்ணா. இங்க மிச்சம் இருக்கிறது அந்தப் பச்சை பிரஷ் ஒண்ணுதான்.

— அதை எடுக்கவா இவ்வளவு தூரம் வந்த?

— எடுக்க இல்ல. மெஷின் ஓட மாட்டேங்குதுன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க? அண்ணி வெளிய போயிருக்கிற நேரமாப் பார்த்து, சல்லடையைக் கழுவி வச்சிட்டு, சத்தம் போடாமப் போயிடலாம்னு வந்தேன்.

— பிரஷ்ஷை நான் குடுக்க மாட்டேன், வாலு. இனிமே அது என் கையிலதான் இருக்கும். நீ போய் உன் பெட்டியைக் கொண்டு வா. அதுக்கு முன்னாடி உக்காந்து சாப்பிடு. சாப்பிட்ட தட்டை, இதோ இப்பவே சொல்லிட்டேன், அலசாம அப்படியே உள்ள வை.