ஒண்ணு விட்டு ஒண்ணு

அது கொக்கு இல்ல சார், மடையான். கொக்கு கணக்குல எழுதிடாதீங்க. பேருதான் மடையான், வெவரம் என்னாட்டம். வெயில்ல நின்னுகினு எண்ணாதீங்க, இப்டி நெழலுக்கு வாங்க. நானா? கண்ணகி சார். ஏரிக்கு இந்தாண்ட காலனிதான். நாணல் வெட்றவ. அதாவது, வேலி போடற வரைக்கும் வெட்டிகினு இருந்தவ.

எதுக்கா? தறிக்குத்தான். பொடவைக்கு குறுக்க ஓடற நூல நாணல் குச்சில சுத்தித்தான், தறில இப்டியும் அப்டியும் ஓடற நாடாக்குள்ள வெப்பாங்க. சேவூரு சுப்பராயலு பிளாஸ்டிக் குச்சி வாங்கிப் பாத்தாரு. பட்டு வழுக்கிகினு வருதுன்னு ஒரே பேஜாரு, மறுபடியும் என்னயே கூப்ட்டு வுட்டாரு.

ஐயோ, மொட்டையா வெட்ட மாட்டோம் சார். மாசி மாசம், குஞ்சுங்கல்லாம் நீஞ்சப் பழகனப்புறம்தான் அருவாளத் தொடுவோம். ரெண்டு ஆளு அகலத்துக்கு ஒரு வரிசை வெட்டுனா, பக்கத்து வரிசைய வுட்டுருவோம். வுட்டது பறவைக்கு. அடுத்த வருசம் மாத்தி வெட்டுவோம். ஒண்ணு விட்டு ஒண்ணு. அதனால, நெத்தில வெள்ள நாமம் போட்டுகினு நீஞ்சுதே, அந்த நாமக்கோழிங்கள எங்க ஆளுங்க ஒண்ணு விட்ட சொந்தம்னு கிண்டல் பண்ணுவாங்க. சிரிங்க சார், பரவால்ல.

மூணு வருசம் முன்ன உங்க பாரஸ்ட் ஆபீசுல வேலியப் போட்டு, உள்ளே வராதேன்னு போர்டு வெச்சாங்க. எனக்குப் படிக்க வராது, எங்க பொண்ணு இனியாதான் படிச்சி சொல்லிச்சி. பறவைக்கு நல்லதுதானேன்னு நானும் கம்முனு இருந்தேன். மொத வருசமே நாணல் ஆளு ஒசரம் ஏறிப்போச்சி. அடுத்த வருசம் அடியில சாஞ்சி, அழுவி, தண்ணியே கண்ணுல படல. நாமக்கோழி தண்ணி மேல ஓடிகினுதானே சார் எழும்பும்? ஓட எடம் வேணாமா? போன தையில நீங்க வந்து நோட்டுல சைபர் போட்டுகினு போனீங்களே, நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன். கூலி போனப்பகூட அழுவல. அன்னிக்கி அழுதேன்.

இப்ப நாமக்கோழி எவ்ளோ? நூத்திப் பத்தா? நூத்திப் பன்னெண்டு சார், ரெண்டு அந்தாண்ட மறைவுல கீது. ஆங்? வேலியாலதான் திரும்பி வந்துச்சின்னு எழுதப் போறீங்களா? இன்னொரு வேலி, பூட்டு, வாட்ச்மேனு வேறயா?

ஒரு நிமிசம் அந்த நோட்ட மூடுங்க சார். மூடிட்டு, ஏரியப் பாருங்க. தண்ணி, நாணல், தண்ணி, நாணல்னு கோடு போட்ட பொடவையாட்டம் இல்ல? நாணல் தானா அப்டி வளருமா? பூட்டிட்டீங்கன்னா ரெண்டு வருசத்துல மறுபடியும் சைபர்தான் எழுதுவீங்க.

அப்புறம் சார், அந்தத் தெக்கு மூலைல கம்பி அறுந்து கெடக்குதே, எரும முட்டிச்சின்னு ஜீப்புக்காரர்கிட்ட சொல்லிகினே எழுதுனீங்க இல்ல? போன மாசில தறி ரிப்பேரு லோகநாதன்கிட்ட கட்டிங் பிளேயர் வாங்கியாந்து, பட்டப்பகல்ல பண்ண வேல அது. கேசு போடுவீங்களோன்னு பயமாத்தான் கீது. போட்டாலும் போட்டுக்கோங்க. நோட்டுல மட்டும் சரியா எழுதிடுங்க சார். அந்த எரும பேரு கண்ணகி.