மேல் ஜன்னல் சாத்தியிருந்தது

நான் மேலே எழுதப்பட்டுள்ள முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. வீட்டிலேயே மெஷின் வைத்து, துணிகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைத்துக் கொடுத்து வந்தேன். கடந்த நான்கு வாரமாக அந்த வேலையைச் செய்யவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். காணாமல் போய்விட்டதாக என் கணவர் நேற்று மாலை இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த வேனை நான்தான் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்தேன். யாரும் திருடவில்லை.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்து பதினோரு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். அந்த மாதமே ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் திறந்து மூடுகிற மேல் ஜன்னல் எல்லாம் இருந்தன. வண்டிப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இத்தன வருஷமா உன்ன எங்கயும் கூட்டிட்டுப் போகல. வண்டி உன் பேர்லதான் இருக்கு. எங்க போகணும் சொல்லு" என்றார். நான் கடல் என்றேன். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அதன் பிறகு மூன்று முறை கிளம்பினோம். முதல் முறை ரேடியேட்டர் கொதித்து நகர எல்லையைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை டீசல் குழாய் விட்டுப்போய், நான் மெத்தை உறைக்குத் தைத்து வைத்திருந்த துணியைக் கிழித்துக் கட்டினார். மூன்றாம் முறை ஒரு மேட்டில் ஏறியதும் தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அங்கேயே கிளட்ச் கம்பி அறுந்தது. அதன் பிறகு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள், நான் பார்த்த கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அது நடந்து எட்டு வருடம் ஆகிறது, வேன் அதற்குப் பிறகு எங்கள் தெருமுனையைத் தாண்டவில்லை.

பழுது பார்க்க வரும் மெக்கானிக்கை எங்கள் தெருவில் 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடுவோம். எப்போது கேட்டாலும் அதுதான் பதில். அவரும் என் கணவரும் துருவைச் சுரண்டுவார்கள், பட்டி பூசுவார்கள், வண்ணம் அடிப்பார்கள். அடுத்த மழையில் வேறு இடத்தில் துரு கிளம்பும். உள்ளே பூசணம் பிடித்துத் திரைகளை மூன்று தடவை மாற்றித் தைத்தேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் நான் மேல் ஜன்னலைச் சாத்த மறந்து மெத்தை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கடைக்குக் கிளம்பினாலும் சரி, சாவு வீட்டுக்குக் கிளம்பினாலும் சரி, "மேல் ஜன்னல சாத்திட்டியா?" என்றுதான் என்னை வழியனுப்புவார்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பலத்த மழை பெய்தது. நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு அடி தள்ளி வேன் மேல் ஏறி என் கணவர் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு எதிர்வீட்டு அக்கா தெருவைத் தாண்டி, மழையைத் தாண்டிக் கேட்டு ஓடி வந்து தூக்கினார். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து, "நல்லவேளை, ஒரு சொட்டு உள்ள இறங்கல" என்றார். வேனுக்குள் ஒரு பக்கெட்டை நகர்த்தினால் அவருக்கு வீட்டுக்குள் காது கேட்கும். கை உடைந்துவிட்டது போலிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். "தார்ப்பாய இப்பத்தான் கட்டினேன். அக்கா வீட்டுல கார் இருக்கே" என்றார். அக்காவின் காரில் போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வெறுத்துப் போய்விட்டது.

நேற்று காலை அவரும் மெக்கானிக் 'நாளைக்கு'வும் வேனுக்குப் பழைய கதவு ஒன்று கிடைக்கிறதென்று வெளியூர் போனார்கள். அதன் பிறகு நான் இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் லாரியோடு வந்து, வண்டி யார் பெயரில் இருக்கிறதென்று கேட்டார். புத்தகத்தைக் காட்டினேன். கடைசியாக ஒரு தடவை உள்ளே போய் வந்தேன். இன்று பன்னிரண்டு மணிக்கு நசுக்கும் மெஷினில் போடுவதாகச் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

மாலையில் என் கணவர் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேன் நின்ற இடத்தில் கதவோடு கொஞ்ச நேரம் நின்றார். நான் ஜன்னலில்தான் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நேரே இங்கே வந்து புகார் கொடுத்தார். இன்று காலை பத்து மணிக்கு விசாரிக்க வந்த ஏட்டய்யாவிடம், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லி, புத்தகத்தோடு இங்கே வந்தேன். அதிகாரி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வண்டி என் பெயரில் இருப்பதால் திருட்டு ஆகாது என்றார். பிறகு, "எந்தக் கடைன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா, அவர் பாவம்" என்றார். ஏட்டய்யாவும் பாவம் என்றார். தண்ணீர் கொண்டு வந்தவரும் பாவம் என்றார். மூன்று பேருமே என் மாவுக்கட்டைப் பார்த்தபடிதான் சொன்னார்கள்.

அப்போது மணி பதினொன்றரை. கூடவே வந்திருந்த என் கணவர் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்கு வாரமாகக் கேட்காததை இப்போதாவது கேட்பார், கை எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும், வந்தால் உடனே இடத்தைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். போன் போட்டால் போதும், மெஷினை நிறுத்தியிருப்பார்கள்.

அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "எடுத்துட்டுப் போறப்ப மேல் ஜன்னல் சாத்தியிருந்துச்சா?"

சாத்தியிருந்தது என்றேன். கடைசியாக உள்ளே போனது அதற்குத்தான், நானே சாத்தினேன். பன்னிரண்டரை மணிக்கு, ரயில் பாதை தாண்டி இருக்கிற இரும்புக் கடை என்று அதிகாரியிடம் இடத்தைச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். பார்க்க என் கையெழுத்து மாதிரி இருக்காது. ஆனால் என்னுடையதுதான்.