நிமலனின் வேட்டி

கொஞ்சம் பொறுங்கோ... இதை நான் கதையாவே சொல்லிப்போடுறன். சின்னக் கதைதான்.

சண்டைக் காலம். ஒரு கடற்கரை ஊர். காலமை ஒரு பிளேன் வருது. சனமெல்லாம் பங்கர்க் குழிக்குள்ள பாய்ஞ்சிட்டினம். பார்த்தா... குண்டு விழேல்லை, கடதாசி விழுது! முற்றம் முழுக்க நோட்டீஸ். என்ன எழுதியிருக்கு? 'அன்பான பொதுமக்களே! மேலிருந்து தெரியும்படி வீட்டில் வெள்ளைத்துணி கட்டுங்கள். கட்டிய வீட்டைத் தாக்கமாட்டோம்.'

நல்ல தமிழ். பிழை சொல்லேலாது. ஆனா எங்கட ஊரில வீட்டுக்கு வெள்ளை எப்ப கட்டுவம்? சொல்லுங்கோ... எப்ப கட்டுவம்? செத்த வீட்டுக்கு!

அந்த ஊரில திரவியமலர் எண்டு ஒரு தாய். மகன் நிமலன் கடலுக்குப் போனவன்... மாசக்கணக்காத் திரும்பேல்லை. வீட்டில மகள் சுகந்தி, நிறைமாசம். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடவும் ஏலாது.

சுகந்தி அழுகிறாள். "கட்டுங்கோவனம்மா... வயித்தில கிடக்கிற இதுக்காகவாவது!"

"கட்டமாட்டன் பிள்ளை. கட்டினா, என்ர மகன் செத்துப்போனான் எண்டு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி."

"அப்ப நாங்கள் சாகிறதே?"

ஒரு பக்கம் மகன்... மற்றப் பக்கம் மகள். அந்த மனுசி என்ன செய்வா, சொல்லுங்கோ?

எழும்பினா. பெட்டியைத் திறந்து, நிமலன் திருவிழாவுக்கு உடுக்கிற வேட்டியை எடுத்தா. கிணத்தடியில தோய்ச்சா. கொண்டுபோய்க் கூரையில விரிச்சா!

பக்கத்து வீட்டுச் சின்னராசா வேலியால எட்டிப் பார்க்கிறார். "என்னக்கா... தம்பி நிமலனைப் பற்றி ஏதும் தகவலே?"

"இல்லை ராசா. தோய்ச்சுக் காயப்போட்டிருக்கு. வந்தா அவன் உடுக்கவேணுமெல்லே!"

சுகந்திக்குப் பிள்ளை பிறக்குமட்டும் ஒவ்வொரு நாளும் தோய்ச்சா, ஒவ்வொரு நாளும் விரிச்சா. மழை பெய்தாலும் எடுக்கேல்லை. பிளேன் வந்துது... வந்து வந்து போச்சுது. அந்த வீட்டுக்குக் குண்டு போடேல்லை.

நிமலன் வரேல்லை. ஆனா அவன் செத்தான் எண்டு அந்த வீடு ஒருநாளும் சொல்லேல்லை.

நோட்டீஸ் எழுதினவனுக்குத் தமிழ் தெரியும்... அந்த வீடு தெரியாது. சரி, அவனை ஏசுறது லேசு. நாங்கள் என்ன செய்யிறம்? பிள்ளையைத் தொலைச்ச தாயிட்டப் போறம். வாசல் படலையில நிண்டுகொண்டே, "இனி மறந்திட்டு ஆகவேண்டியதைப் பாரணை" எண்டு சொல்லிப்போட்டு வாறம். நல்ல புத்திதான்... ஆனா அதுவும் மேல நிண்டு போடுற நோட்டீஸ்தான்!

இறங்குங்கோ. தயவுசெய்து கீழ இறங்குங்கோ. கிணத்தடிக்குப் போங்கோ. புத்தி ஒண்டும் சொல்லாதேங்கோ... அந்த வேட்டியின்ர மற்றத் தலைப்பைப் பிடிச்சுப் பிழிஞ்சு குடுங்கோ.